வாரண்ட் இல்லாமல் தட்டப்படும் கதவு

(தேக்கா வட்டாரத்தில் ஒரு ஞாயிறு மாலை, உள்ளூர்த் தமிழர்களும் தமிழகத்திலிருந்து வந்து இங்கே உழைக்கும் தம்பிமார்களும் கலந்திருந்த சிறு கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்களுக்கென்று ஒரு வழக்கு வந்தால் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.)



இந்த மாதிரிக் கூட்டங்களில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஏதாவது கலவரம், நெருக்கடி என்றால் போலிஸ் வாரண்ட் இல்லாமலே நம் வீட்டுக்குள் வந்து சோதனை போடலாமா?"

ஒரே சொல்லில் பதில் வேண்டுமானால், போடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நீங்கள் எழுந்து போய்விட்டால் நான் இன்று பேசியதற்குப் பயனில்லை. எப்போது போடலாம், எதற்காகப் போடலாம், போட்ட பிறகு அது சரியா தவறா என்று யார் பார்ப்பது? இந்த மூன்றில் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கும், அதிலும் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கும், அதுதான் உயிர்க் கேள்வி என்பது என் துணிபு. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

வாரண்ட் என்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே போலிஸ் அதிகாரி தன் அடையாளத்துக்காகக் காட்டும் அட்டைக்குப் பெயரே வாரண்ட் கார்டு. "வாரண்ட் காட்டினார்கள், அதனால் உள்ளே விட்டேன்" என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது அந்த அட்டையைத்தான். வந்தவர் உண்மையான அதிகாரி என்பதற்கு மட்டுமே அது சான்று. சோதனை வாரண்ட் என்பது வேறு. "இந்த இடத்தில், இந்தப் பொருளைத் தேடலாம்" என்று நீதிமன்றம் தரும் எழுத்து ஆணை அது.

அந்த ஆணை எதற்கு? தேட விரும்புகிறவரும் தேட அனுமதிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதற்காக. கதவைத் திறக்கும் முன்பே, வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் காரணத்தைக் கேட்டு எடைபோட வேண்டும் என்பதற்காக. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்ற கருத்தை இங்கிலாந்து நீதிமன்றம் 1604இல் செமெய்ன் வழக்கில் பேசியது. 1765இல் என்டிக் எதிர் கேரிங்டன் வழக்கில், ஓர் எழுத்தாளரின் வீட்டைப் புரட்டிப் போட்டுக் காகிதங்களை அள்ளிச் சென்ற அரசு ஆட்களிடம் நீதிமன்றம் கேட்டது ஒன்றுதான்: எந்தச் சட்டம் உங்களுக்கு இந்த உரிமையைத் தந்தது? அவர்களால் காட்ட முடியவில்லை. தோற்றார்கள்.

சட்டக் கல்லூரியில் இதைப் படித்த மாணவன் என்ற முறையில், நம் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவைத் தேடினேன். இல்லை. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் 9ஆம் பிரிவு உண்டு. கைதானால் காரணம் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரை நாட விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் "உன் வீடு காரணமின்றிச் சோதனையிடப்படாது" என்று அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் சொல்வது போல ஒரு வரி நம் அரசமைப்பில் கிடையாது. நம் வீட்டுக் கதவைக் காப்பது நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டங்கள்தாம். நாடாளுமன்றம் நினைத்தால் அவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கதவு திறக்கும் நான்கு வழிகள்

வாரண்ட் இல்லாமல் போலிஸ் உள்ளே வரும் வழிகளை நான் நான்காகப் பிரித்துச் சொல்வது வழக்கம்.

முதலாவது, உயிரைக் காக்க. தனியாக வசிக்கும் பாட்டி மூன்று நாளாக வெளியே வரவில்லை, கதவைத் தட்டினால் பதில் இல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். போலிஸ் நீதிமன்றத்துக்கு ஓடிக்கொண்டிருக்க முடியுமா? உள்ளே ஒருவர் காயப்பட்டோ இறந்தோ கிடக்கலாம் என்று கருதக் காரணம் இருந்தால் கதவை உடைத்தும் நுழையலாம் என்று காவல்படைச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. இதை நான் எதிர்க்கவில்லை. நல்ல சட்டம். ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். உயிரைக் காக்க நுழைவது வேறு, வீட்டைத் துழாவுவது வேறு. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: எந்த நோக்கத்துக்காக நுழைந்தாரோ அதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தேடலாம். பாட்டியைத் தேடி வந்தவருக்கு மேசை இழுப்பறைக்குள் என்ன வேலை?

இரண்டாவது, ஆளைப் பிடிக்க. கைது செய்யப்பட வேண்டிய ஒருவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், வீட்டிலிருப்பவர் அதிகாரியை உள்ளே விட்டாக வேண்டும். மறுத்தால் பலவந்தமாக நுழையவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, சான்றைத் தேட. மிகப் பெரிய மாற்றம் நடந்திருப்பது இங்கேதான். முன்பு வாரண்ட் இல்லாமல் தேடுவதற்கு, "கேட்டால் இவர் தரமாட்டார்" என்பது போன்ற கூடுதல் காரணம் தேவைப்பட்டது. வாரண்ட் வாங்கிவிட்டுத்தான் தேட வேண்டும் என்பது விதி, வாங்காமல் தேடுவது விலக்கு. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்து, அதற்கான சான்று ஒருவர் வசம் இருக்கிறது என்ற நியாயமான சந்தேகமும் இருந்தால் போதும், வாரண்ட் இல்லாமலே தேடலாம் என்று அது வழி திறந்தது. சாதாரணத் திருட்டுகூட அப்படிக் கைது செய்யத்தக்க குற்றம்தான். போதைப்பொருள் வழக்குகளில் இந்த அதிகாரம் வெகுகாலமாகவே இருக்கிறது. போதைப்பொருள் துர்ப்பயன்பாட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, சந்தேகம் இருந்தால் எந்த நேரத்திலும் வாரண்ட் இல்லாமல் நுழையலாம். தூக்குக் கயிறு வரை போகும் வழக்குகளும் இப்படி ஒரு கதவிலிருந்து தொடங்கக்கூடியவைதாம்.

ஆகவே, நீங்கள் கேட்ட கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "நெருக்கடி வந்தால் வாரண்ட் இல்லாமல் வரலாமா?" என்கிறீர்கள். நெருக்கடியே வேண்டியதில்லை, உறவுகளே. நியாயமான சந்தேகம் ஒன்று போதும்.

நான்காவது, நீங்களே திறந்துவிடுவது. "உள்ளே வரலாமா?" என்கிறார் அதிகாரி. நாம் தலையாட்டிவிடுகிறோம். நீங்கள் சம்மதித்துவிட்டால், எந்தச் சட்டப்படி வந்தார் என்ற கேள்வியே பிறகு எழாது. தங்கும் விடுதியில் நிலைமை இன்னும் மோசம். புதிய விடுதிகளுக்கு 2021இல் வகுக்கப்பட்ட தரத்தின்படியே ஓர் அறையில் 12 பேர் வரை இருக்கலாம். சாவி விடுதி நடத்துகிறவரிடமும் இருக்கும். யாருடைய சம்மதம்? யாருடைய வீடு? ஆறடிக் கட்டிலும் ஒரு இரும்பு அலமாரியும்தான் அந்தத் தம்பியின் வீடு. வாரண்ட் பற்றிய சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் அந்த வீடு இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

2013 டிசம்பர் 8

இனி நெருக்கடிச் சட்டங்களுக்கு வருகிறேன். நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நடந்த சம்பவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து மோதி 33 வயது இந்தியக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்தது. போலிஸ் வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, ஆம்புலன்ஸ் எரிந்தது. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட பெரிய கலவரம் அது. உதவிக்கு வந்தவர்களைத் தாக்கியதையும் வாகனங்களை எரித்ததையும் நான் நியாயப்படுத்தவில்லை. குற்றம் குற்றம்தான். என் கேள்வி அதன் பிறகு நடந்ததைப் பற்றியது.

காவல்துறை ஏறத்தாழ 4,000 ஊழியர்களை விசாரித்தது. விசாரணை விடுதிகள் வரை போனது. 25 பேர் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் நீதிமன்றத்தையே பார்க்காமல் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். குடிநுழைவுச் சட்டம் தனக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது என்றது அரசு. தந்திருக்கலாம். இருந்தாலும், ஊழியர் நலனுக்காகப் பாடுபடும் டி.டபிள்யூ.சி.2 போன்ற அமைப்புகள் அப்போதே கேள்வி எழுப்பின: அவர்கள் செய்தது குற்றம் என்றால் ஏன் நீதிமன்றத்தில் நிரூபிக்கவில்லை? குற்றமில்லை என்றால் ஏன் அனுப்பினீர்கள்?

சட்டங்களின் வரிசையைக் கவனியுங்கள். கலவரம் முடிந்த அடுத்த வார இறுதியிலேயே, 1958ஆம் ஆண்டின் பொது ஒழுங்கு பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து லிட்டில் இந்தியாவில் மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் தடை போட்டார்கள். 2014 பிப்ரவரியில் பொது ஒழுங்கு கூடுதல் தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. லிட்டில் இந்தியா சிறப்பு வட்டாரம் ஆனது. அந்த எல்லைக்குள் மட்டும் நிறுத்திச் சோதிக்கவும், ஆளை வெளியேற்றவும், கடைகளுக்குள் நுழைந்து பார்க்கவும் கூடுதல் அதிகாரம். தீவு முழுவதும் உள்ள ஒரு சிங்கப்பூரருக்கு இருந்த பாதுகாப்பு, சிராங்கூன் சாலையில் கால் வைத்ததும் ஒரு படி குறைந்தது. அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை நிற்பவர்களின் முகமும் மொழியும் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தற்காலிகச் சட்டம் 2014 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு. அது முடிந்த மறுநாளே, 2015 ஏப்ரல் 1 அன்று, மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுவதும் பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் கூடுதல் தடை. ஓராண்டு என்று வந்த விருந்தாளி குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துக்கொண்ட கதை இது.

அதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் பாடங்களையும், வெளிநாடுகளில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களையும் காரணம் காட்டி 2018இல் பொது ஒழுங்கு, பாதுகாப்பு சிறப்பு அதிகாரங்கள் சட்டம் வந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. உள்துறை அமைச்சர் அதை முடுக்கிவிட்டால், குறிப்பிட்ட வட்டாரத்தில் வாரண்ட் இல்லாமல் நுழையலாம், தேடலாம், சாலையை மூடலாம். தகவல் தொடர்பு நிறுத்த ஆணையும் போடலாம். அந்த ஆணை இருக்கும்போது போலிஸ் நடவடிக்கையை நீங்கள் படமெடுத்து அனுப்பினால் இரண்டாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம்.

பயங்கரவாதத் தாக்குதலுக்கு இந்த அதிகாரம் வேண்டும் என்றால் யாரும் மறுக்கமாட்டோம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே "பெரும் பொது ஒழுங்கின்மை" என்பதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், படித்துப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்காக மக்கள் நகர மையத்தில் உட்கார்ந்து போராடுகிறார்கள், ஒரு வாரத்துக்கு மேலாகக் கூட்டம் பெருகுகிறது, போக்குவரத்தும் வியாபாரமும் பாதிக்கப்படுகின்றன. கல்வீச்சு இல்லை, தீவைப்பு இல்லை. உட்கார்ந்திருப்பதும் நெருக்கடி ஆகலாம்!

நோய்க்காலம் கற்றுத் தந்தது

நெருக்கடி என்றால் கலவரம் மட்டும் இல்லை. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தும் இடங்களாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. கிட்டத்தட்ட 20,000 ஊழியர்கள் உள்ளே அடைபட்டார்கள். தொடர்ந்து மற்ற விடுதிகளும். அதே ஆண்டு நிறைவேறிய கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தின்படி, அமலாக்க அதிகாரிகளால் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க முடிந்தது. 2021 மே மாதத்தில் இது பெரிய பேச்சானது நினைவிருக்கும். அப்போதுதான் பல சிங்கப்பூரர்கள், "என்ன, என் வீவக வீட்டுக்குள்ளேயா?" என்று அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சியைப் பார்த்து எனக்குத் தோன்றியது: விடுதி அறைக்குள் இருந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவுகூட இருக்கவில்லையே!

கிருமியைத் தடுக்கச் செய்தார்கள், உயிர்களும் காப்பாற்றப்பட்டன. உண்மை. ஆனால் நகரமெல்லாம் வழக்க நிலைக்குத் திரும்பிய பிறகும், 2022 ஜூன் வரை விடுதி ஊழியர்களுக்கு வெளியே வர அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அது நீங்கிய பிறகும் ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு வரத் தனி அனுமதி என்று அறிவித்தார்கள், நாளுக்கு 80,000 பேருக்கு. நெருக்கடி எல்லாருக்கும் ஒரே நாளில் வருகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் போவதில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"தற்காலிகம்" என்ற சொல்லைக் கண்டால் நம் சமூகம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து தேட வழி செய்தது. மூன்றாண்டு என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. அதன் பொருள் என்ன என்று ஈழத்து உறவுகளைக் கேளுங்கள். சிங்கப்பூரின் நிலைமை வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசவில்லை. ஆனால் நம் நாட்டிலும் 1955இல் வந்த குற்றவியல் சட்டம் (தற்காலிக ஏற்பாடுகள்) என்று ஒன்று இருக்கிறது. விசாரணையின்றித் தடுத்துவைக்க அனுமதிக்கும் அந்தத் தற்காலிகச் சட்டத்தின் ஆயுள் 2024இலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. எழுபது வயதுத் தற்காலிகம்!

தவறான சோதனையை யார் பார்ப்பது?

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

வாரண்ட் இருந்தால் காரணம் முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது. வாரண்ட் இல்லாவிட்டால்? பிறகுதான் சோதிக்கப்பட வேண்டும். எங்கே? நீதிமன்றத்தில். வழக்கு நடக்கும்போது, "இந்த அதிகாரிக்கு அப்போது நியாயமான சந்தேகம் இருந்ததா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யலாம்.

அங்கேயும் நமக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. 2007இல் ஃபிலிஸ் டான் வழக்கு என்று நாங்கள் குறிப்பிடும் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு நிலை எடுத்தது. முறைகேடாகக் கிடைத்த சான்று என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவைக்க முடியாது. வழக்கில் அதற்குள்ள மதிப்பைவிட அது விளைவிக்கும் பாதகம் அதிகம் என்றால் மட்டுமே தள்ளலாம். கத்தி கத்திதான், எப்படி எடுத்தாலும் அது அங்கே இருந்தது உண்மைதானே என்பது வாதம். ஆக, சோதனை தவறு என்று நிரூபித்தாலும் பொருள் வெளியே போகாது. அதிகாரி மீது புகார் செய்யலாம், வழக்குப் போடலாம். அதற்குக் காலமும் காசும் வேண்டும், இந்த நாட்டில் தங்கியிருக்கவும் வேண்டும்.

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இங்கே தங்கியிருக்க வேண்டும்! ஒரு குடிமகன் வீட்டில் தவறாகச் சோதனை நடந்தால் அவன் நாளைக்கும் இங்கேதான் இருப்பான். புகார் எழுதுவான், தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பான். குற்றம் சாட்டப்பட்டு வசதியும் இல்லை என்றால் 2022 டிசம்பரிலிருந்து அரசு எதிர்வாதி அலுவலகமும் உண்டு. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதிச் சீட்டுத் தம்பியின் அலமாரியைத் திறந்து, எதையோ எடுத்து, வேலைச் சீட்டை ரத்து செய்து, சாங்கி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டால்? அந்தச் சோதனைக்கு நியாயமான சந்தேகம் இருந்ததா என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. வழக்கே இல்லாத இடத்தில் குறுக்கு விசாரணை எங்கிருந்து வரும்? 2013இல் அனுப்பப்பட்ட அந்த 57 பேரைப் பற்றிச் சேகரித்த தகவல் சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் பார்க்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாரண்டைக் குறைத்தால், பின்னால் வரும் நீதிமன்றச் சோதனை கூட வேண்டும். நம் ஊழியர்களுக்கு இரண்டும் இல்லை. முன்வாசலும் பூட்டவில்லை, பின்னால் கேட்பாரும் இல்லை. இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள்.

கதவு தட்டப்பட்டால்

சரி, நாளைக் காலை உங்கள் கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது?

ஒன்று, தடுக்காதீர்கள், ஓடாதீர்கள், கை ஓங்காதீர்கள். கடமையைச் செய்ய வரும் அதிகாரியைத் தடுப்பதே தனிக் குற்றம். அதிகாரி தவறு செய்கிறார் என்றாலும் அதை வாசலில் வைத்துத் தீர்க்க முடியாது.

இரண்டு, இரும்புக் கதவைத் திறக்கும் முன் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 999க்கு அழைத்துச் சரிபார்க்கலாம்.

மூன்று, காரணம் கேளுங்கள். மரியாதையாக. "நான் தடுக்கவில்லை ஐயா. எந்தச் சட்டப்படி, எதைத் தேடி வந்திருக்கிறீர்கள்?" ஆங்கிலம் வராதவர்கள் பயப்பட வேண்டாம். "சார், வாட் ரீசன்? விச் லா?" இவ்வளவு போதும். தடுக்கவில்லை என்பதும் சம்மதித்தேன் என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை உங்கள் வாயால் சொல்லி வையுங்கள்.

நான்கு, தேடும்போது கூடவே இருங்கள். அங்கே குடியிருப்பவர் உடனிருக்கலாம் என்பது சட்டம். பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும், கண்ணியம் கெடாமல்.

ஐந்து, எடுத்துச் செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் உண்டு. அதன் பிரதியைக் கேளுங்கள். கைபேசியையும் கணினியையும் திறந்து பார்க்கவும் கடவுச்சொல் கேட்கவும் தனி அதிகாரம் இருக்கிறது. மறுப்பது குற்றமாகலாம். ஆகவே வாக்குவாதம் வேண்டாம். யார் கேட்டார், எப்போது கேட்டார் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

ஆறு, வாக்குமூலம் கேட்டால், உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பொய் சொல்லாதீர்கள். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஏழு, அன்றிரவே உட்கார்ந்து தேதி, நேரம், எத்தனை பேர், என்ன சொன்னார்கள், என்ன எடுத்தார்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினால் அதைப் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்புங்கள். ஆள் விமானம் ஏறினாலும் காகிதம் இங்கே நிற்கட்டும்.

நாம் கேட்க வேண்டியது

போலிசின் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நம் தாய்மார்களும் பிள்ளைகளும் இரவில் பயமின்றி நடப்பது அவர்களாலும்தான். நாம் கேட்பது மூன்றே.

வாரண்ட் இல்லாமல் சோதனை நடந்தால், காரணத்தை எழுத்தில் பதிந்து 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்கு அனுப்பட்டும். இது நடக்க முடியாத கனவு இல்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள இந்தியாவின் புதிய நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 185ஆம் பிரிவு, இதைத்தான் சொல்கிறது. சோதனையை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் சொல்கிறது. இந்தியாவில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது வேறு சண்டை. ஆனால் விதி ஏட்டில் இருந்தால்தான் மீறலைச் சுட்ட முடியும்.

இரண்டாவது, சோதனைக்குள்ளானவருக்குப் புரியும் மொழியில் ஒரு துண்டுக் காகிதமாவது தரப்படட்டும். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி. யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

மூன்றாவது, ஒருவரை நாட்டைவிட்டு அனுப்பும் முடிவு சோதனையிலோ போலிஸ் விசாரணையிலோ பிறந்தது என்றால், விமானம் ஏறும் முன் சார்பற்ற ஒருவர் அந்தக் காரணத்தைப் பார்க்கட்டும். ஒரு நாள் தாமதம் ஆகும். ஆகட்டும்! முகவரிடம் கடன்பட்டு, நிலத்தை அடகு வைத்து வந்தவனுக்கு அந்த ஒரு நாள் பெரிது.

இதைப் படிக்கும் நீங்கள் உள்ளூர்க்காரராக இருந்தால் ஒன்று சொல்வேன். 2014இல் அந்தச் சிறப்பு வட்டாரச் சட்டம் வந்தபோது, "அது குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத்தானே, நமக்கென்ன" என்று நம்மவர்களே பேசினார்கள். அடுத்த ஆண்டு தடை தீவு முழுவதும் வந்தது. 2021இல் அதிகாரி வீவக வீட்டுக் கதவைத் தட்டினார். 2024இல் எல்லார் வீட்டுக்குமான சட்டமே திருந்தியது. விடுதி அறைக் கதவு பலவீனமானால் நம் வீட்டுக் கதவும் பலவீனமாகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இந்த உரையில் உள்ள ஏழு குறிப்புகளைக் கையால் எழுதியோ அச்சிட்டோ ஓர் ஊழியருக்காவது கொடுங்கள். அடுத்த ஞாயிறு தேக்காவில் அவரைப் பார்க்கத்தானே போகிறீர்கள்.